மண்டபத்தில் சொன்னேன், மாடியில் சொல்லவில்லை

மாலைத் தொழுகையான மஃரிபை முடித்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. என் மனைவி.

"இஞ்சருங்க, தலைப்பிறை கண்டாச்சாமே! வாப்பாதான் கண்டிரிக்காராம், அதுவும் உங்கட டெலஸ்கோப்புல! எனக்கு ஒரு சொல்லுச் சொன்னா என்ன? சஹருக்கு நான் இன்னம் ஒண்டும் ஆயத்தம் பண்ணல்லியே!"

அன்று பிறை தெரிய வழியே இல்லை. கல்முனையில் மட்டுமல்ல, இலங்கையில் எங்கேயும் இல்லை. அமாவாசை கழிந்து அரை நாள்தான் ஆகியிருந்தது. சூரியன் இறங்கியதும் நிலாவும் அதன் பின்னாலேயே இறங்கிவிடும். என் டெலஸ்கோப் நிலா நின்ற இடத்துக்குத் திரும்பவேயில்லை. அப்படியென்றால் என் மாமனார் அதற்குள் எதைக் கண்டார்?

அடுத்த நொடியே விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மெயின் ரோட்டில் முதல் பட்டாசு வெடித்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், "சேர், பொதுநாள் நடத்துறதுல முக்கியமாக் கவனிக்க வேண்டியது என்ன?" என்று கேட்கிறார்கள். பொதுநாள் என்றால் ஊரார் வந்து டெலஸ்கோப்பில் வானம் பார்க்கும் நாள். டெலஸ்கோப் நிற்கும் மவுண்டை எப்படி அலைன் பண்ணுவது, லென்ஸை எதனால் துடைப்பது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. நான் எழுதப்போவது அதில் இல்லாதது. இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

1. மூடி

எங்கள் வான் அவதானிப்பு நிலையம் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு தளம். கீழே விரிவுரை மண்டபமும் ஒரு தொழுகை அறையும். மேலே அலுவலகம். அதற்கும் மேலே திறந்த மாடி. மாடியில் ஒரு நல்ல டெலஸ்கோப். கடல் எங்களுக்குக் கிழக்கே. மேற்கே பார்த்தால் சம்மாந்துறை வரைக்கும் வயல்தான். மறைக்க ஒரு கட்டடம் இல்லை. அதனால் பிறை பார்க்கிறவர்களுக்கு எங்கள் மாடியில் எப்போதும் ஒரு கண்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அன்றைய பணிப்பாளர் என்னை டெலஸ்கோப்புக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணை வைத்துப் பார்க்கும் துண்டுக்கு நாங்கள் ஐபீஸ் என்போம். அதன் கறுப்பு மூடியை என் கையில் தந்தார்.

"இத விட்டுட்டுப் போற நேரம் மூடியப் போட்டுட்டுத்தான் போகணும். ரெண்டு நிமிஷமெண்டாலும் சரிதான். மூடியில்லாத டெலஸ்கோப் ஆளில்லாத கடை மாதிரி. எவனும் வருவான், எதையும் எடுத்துக்கிட்டுப் போவான். விளங்கிச்சா?"

விளங்கிற்று என்று தலையாட்டினேன். உண்மையில் பாதிதான் விளங்கியிருந்தது. பகலில் ஃபில்டர் இல்லாமல் எவனாவது சூரியனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் மூடி என்று எடுத்துக்கொண்டேன். பகலில் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சூரியன் இறங்கிய பிறகு மூடிக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன். பதினாறு வருடம் அப்படியே ஓடியது.

2. வீரமுனை அக்கா

இது சின்னச் சம்பவம்தான். ஆனால் பின்னால் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

ஒரு பொதுநாளில் வீரமுனையிலிருந்து ஒரு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தார். வளர்பிறை நிலாவைப் பிடித்து வைத்திருந்தேன். கண்ணை வைத்தவர், "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நான் பிடித்திருக்காவிட்டால் ஸ்டூலிலிருந்து விழுந்திருப்பார்.

"என்ன கா, என்ன நடந்த?" என்றேன்.

"கண்ணுக்குள்ள வந்து விழுந்திட்டுது தம்பி! எவ்வளவு பெரிசு! அதுல இரிக்கிற பள்ளமெல்லாம் தெரியுது. நான் இனிப் பாக்கமாட்டன் சாமி!"

முதல் தடவை பார்க்கிற எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் டெலஸ்கோப்பில் நிலா ஐபீஸை நிறைத்துக்கொண்டு நிற்கும். வெறுங்கண்ணால் பார்க்கிற மாதிரி சின்னதாக, அழகாக, ஓரமாக நிற்காது. ஒருமுறையாவது பார்த்தவனுக்கு இது தெரியும். என் மாமனார் ஒருமுறையும் பார்த்ததில்லை.

3. கொம்பியூட்டர் ஹஸ்ரத்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே இருபத்தைந்து வருடமாக என் மாமனாரின் வளவில்தான் இருக்கிறேன். ஊரில் அவரை ஆதம்லெவ்வைப் போடியார் என்பார்கள். வயல்காரர். ஏழெட்டு ஏக்கர்தான், அப்படியொன்றும் பெரிய போடியார் இல்லை. அவரிடம் இருந்த பெரிய சொத்து அவருடைய வாய்ச்சொல். பிறை விஷயத்தில் அவர் "கண்டன்" என்றால் பள்ளிவாசலில் மறுகேள்வி கிடையாது. "காணல்ல" என்றால் பத்துப் பேர் கண்டதாகச் சொன்னாலும் ஊர் யோசிக்கும். அப்படி ஒரு கண், அப்படி ஒரு நாக்கு.

அவருக்கு என் தொழில் பிடிக்காது என்று சொல்ல முடியாது. என் டெலஸ்கோப்பைத்தான் பிடிக்காது. "அல்லாஹ் தந்த கண் போதும் மருமகன். குழாய்க்குள்ளால பாத்துச் சாட்சி சொல்லுறதுக்கு நான் ஆளில்ல" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். மரியாதைக்கு நானும் சிரிப்பேன்.

சில வருடங்களுக்கு முன்னால் பள்ளியில் பிறைக் கூட்டம் ஒன்று நடந்தது. கையில் அட்டவணை இருக்கிற துணிச்சலில் நான் எழும்பி, "நாளைக்குப் பிறை தெரிய வழியில்ல, நிலா வெள்ளென இறங்கிரும்" என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஓ! நம்மட கொம்பியூட்டர் ஹஸ்ரத்துக்கு வஹீ வந்திட்டு!" என்றார். ஹஸ்ரத் என்றால் மார்க்க அறிஞர், வஹீ என்றால் நபிமாருக்கு வரும் இறைச்செய்தி. முழுப் பள்ளியும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். மறுநாள் பிறை தெரியத்தான் இல்லை. ஆனால் பட்டம் ஒட்டிக்கொண்டது. சந்தையில் மீன் வாங்கப் போனாலும், "என்ன ஹஸ்ரத், இண்டைக்குப் பாரை வலையில படுமா? கொம்பியூட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள்.

அதோடு முடிவெடுத்தேன். பிறை விஷயத்தில் இனி வாயே திறப்பதில்லை. யார் என்ன கேட்டாலும் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு என் பாட்டில் இருப்பது. எனக்கென்ன வந்தது? அட்டவணையை அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டுவேன். யாரும் அதை வந்து வாசிப்பதில்லை. நானும் யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை.

4. ஷஃபான் இருபத்தொன்பது

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் ரமழான் பிறந்துவிடும். அன்றே தராவீஹ் தொழுகை, விடியமுன் சஹர் சாப்பாடு, மறுநாள் முதல் நோன்பு. தெரியாவிட்டால் ஒருநாள் தள்ளும். கண்டவர்கள் ஊர்ப் பள்ளியில் சாட்சி சொல்வார்கள். பள்ளியிலிருந்து கொழும்பிலுள்ள பிறைக்குழுவுக்கு அறிவிப்பார்கள். முடிவு அங்கேதான். ஆனால் ஊருக்குச் செய்தி கொழும்பைவிட வேகமாகப் போகும்.

எங்கள் பொதுநாளும் அதே நாளில் வந்து அமைந்தது. அந்த மாதம் மாலை வானத்தில் கோள்கள் வரிசையாக நின்றதால் பாடசாலைகளுக்கு அறிவித்திருந்தோம். பின்னேரம் ஐந்து மணிக்கு மண்டபத்தில் உரை. பிள்ளைகளால் மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் படம் போட்டு நான் விளக்கினேன். வெள்ளிக் கோளும் நிலாவைப் போலத் தேய்ந்து வளரும். சில மாதங்களில் டெலஸ்கோப்பால் பார்த்தால் அச்சு அசல் பிறையாகவே தெரியும்.

"சேர், அப்ப வெள்ளிக்கும் பெருநாள் இரிக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஆறு மணிக்குப் பிள்ளைகள் வெளியேறினார்கள். ஏழு மணிக்குத் திரும்பி வந்து மாடிக்கு ஏறுவதாக ஏற்பாடு. அவர்களுக்கு முதலில் வெள்ளியைக் காட்ட நினைத்து, வெளிச்சம் இருக்கும்போதே டெலஸ்கோப்பை அதன்மேல் பூட்டி டிராக்கிங்கைப் போட்டேன். டிராக்கிங் போட்டால் குழாய் கோளைவிட்டு அசையாது, கூடவே மெல்ல மெல்லத் திரும்பும். நாற்பது மடங்கு ஐபீஸ். இளநீல வானத்தில் மெல்லிய வளைவாக வெள்ளி நின்றது. வெறுங்கண்ணுக்குத் தலைப்பிறை எந்த அளவில் தெரியுமோ அந்த அளவில்.

அந்த நேரம் பார்த்து மாமா ஏறி வந்தார். கூட இரண்டு பேர். ஒருவர் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதின், அன்று அதை வேறொருவரிடம் விட்டு வந்திருந்தார். மற்றவர் சாய்ந்தமருதுவில் கடல்தொழில் செய்பவர். மூவரும் பிறை பார்க்க வந்தவர்கள். வயல்வெட்டுக் காலம். வைக்கோல் எரித்த புகை மேற்கே அடிவானத்தில் சாம்பல் மதில்போல நின்றது. அதைப் பார்த்து மாமாவின் முகம் சுருங்கியது.

"மருமகன், உங்கட குழாயையும் பிறைப் பக்கம் திருப்பித்தானே வெச்சிரிக்கிறீங்க?"

அவர் சும்மா கேட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கே அதற்குள் பார்க்கப் போகிறார்? "இல்ல மாமா, இண்டைக்குப் பிறை தெரியா, இது நிக்கிறது வெள்ளியில" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். கூட நின்ற இருவரையும் பார்த்தேன். கொம்பியூட்டர் ஹஸ்ரத் ஞாபகம் வந்தது.

"ஓம் மாமா, ஓம். மேற்குப் பக்கம்தான் நிக்கிது" என்றேன்.

அது பொய்யில்லை. வெள்ளியும் மேற்கில்தான் நின்றது. பொய்யில்லாத ஒரு சொல் எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. பிறை பார்ப்பவர்கள் கொஞ்சம் பிந்தித் தொழுவார்கள். நான் முதல் ஜமாஅத்தோடு சேர்ந்து தொழக் கீழே இறங்கினேன். மூடி என் சேர்ட் பொக்கெட்டிலேயே இருந்தது.

5. பள்ளி

படியிலிருந்து எழும்பி மாடிக்கு ஓடினேன். யாருமில்லை. டெலஸ்கோப் வெள்ளியைப் பார்த்தபடியே நின்றது. அங்கிருந்து பள்ளிக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் ஓடுகிறவனை யாராவது கண்டிருந்தால் அது நான்தான்.

ரோடு முழுக்கச் சந்தோஷம். "ரமழான் முபாரக்" என்று எனக்கே கை தந்தார்கள். பேரீச்சம்பழக் கடையில் சனம் குவிந்திருந்தது. ஒவ்வொரு கையைத் தொட்டபோதும் எனக்கு உடம்பு கூசியது.

பள்ளி அலுவலகத்தில் நிற்க இடமில்லை. செயலாளர் றஹீம் மாஸ்டர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "கொழும்பு லைன் கிடைக்கிதில்ல, பிஸி, பிஸி" என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். அந்த பிஸி சத்தத்துக்காக நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் மாமா உட்கார்ந்திருந்தார். முன்னால் சாட்சிக் கடதாசி. மூன்று கையெழுத்தும் விழுந்திருந்தது.

என்னைக் கண்டதும் மாமா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கலியாணத்தன்று கட்டிப்பிடித்தவர், அதற்குப் பிறகு அன்றுதான்.

"மருமகன், உங்கட குழாய நான் எத்தினையோ குறை சொல்லியிரிக்கன். புகையில ஒண்டுமே தெரியல்ல. கண்ணால தண்ணி வடியுது. கூட வந்த ஆக்கள்தான், 'போடியார், மருமகன் திருப்பி வெச்சிரிக்கன் எண்டாரே, ஒருக்காப் பாருங்களன்' எண்டாங்க. பாத்தன். சுப்ஹானல்லாஹ்! இவ்வளவு துலக்கமா என்ட சீவியத்துல நான் தலைப்பிறை கண்டதில்ல!"

அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேசாமல் போய்விடலாமா என்று நினைத்தேன். ஒருநாள் முந்தி நோன்பு பிடித்தால் என்ன, குடியா முழுகிவிடும்? அப்படி நினைத்தவன்தான் இதை எழுதுகிறேன்.

"மாமா, அது பிறையில்ல" என்றேன்.

றஹீம் மாஸ்டர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன கதை கதைக்கிறீங்க?" என்றார். "மூணு பேர் கண்டிரிக்காங்க. மோதின் கண்டிரிக்கார். போடியார் கண்டிரிக்கார். போடியார்ர கண்ணுக்கு மேலாலயா உங்கட கொம்பியூட்டர்?"

"வந்திட்டாரு ஹஸ்ரத்து!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாமா என் தோளிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் பொய் சொன்னனா?"

"இல்ல மாமா. நீங்க கண்டது மெய். ஆனா அது நிலா இல்ல." கொஞ்சம் உரத்துச் சொன்னேன். "இப்ப ஏழு மணியாகப் போகுது. தலைப்பிறை எண்டா இந்நேரம் இறங்கியிரிக்கணும். நீங்க கண்டது இன்னமும் அங்கதான் நிக்கிது. வந்து பாருங்க."

அந்த அறையில் எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் பிறை பார்த்தவர்கள். தலைப்பிறை எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாமாவின் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டர், ஃபோன வைங்க" என்றார். "நான் போய்ப் பாத்துட்டு வாறன்."

6. மாடி

மாமா, மோதின், கடல்தொழிலாளி, றஹீம் மாஸ்டர், நான். ஏழு மணிக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் கீழே சேரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை மண்டபத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினோம். மேற்கே நன்றாக இருட்டியிருந்தது.

மாமா ஐபீஸில் கண்ணை வைத்தார். "நிக்கிது" என்றார். அந்த ஒரு சொல்லில் அவருக்கு நிம்மதியும் இருந்தது, பயமும் இருந்தது. மோதினும் பார்த்தார். அவரும் தலையாட்டினார்.

"மாமா, இப்ப குழாய விட்டுட்டு, குழாய் எங்க பாக்குது எண்டு பாருங்க."

அவர் டெலஸ்கோப்பின் பக்கத்தில் வந்து, வரப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக் குழாய் நெடுகப் பார்த்தார். குழாய் அடிவானத்தைப் பார்க்கவில்லை. தலைப்பிறை ஒருநாளும் நிற்காத உயரத்தைப் பார்த்தது. அந்த உயரத்தில் ஒரேயொரு வெளிச்சம்தான் நின்றது. எங்கள் ஊரில் கண் தெரிந்த எல்லோருக்கும் அதைத் தெரியும்.

"அது வெள்ளி" என்றார் மாமா.

"ஓம் மாமா."

"வெள்ளிக்குப் பிறை வருமா?"

"வரும் மாமா. சில மாசத்துல வரும். வெறுங்கண்ணுக்குத் தெரியா. உண்மையான நிலாவ இதுக்குள்ளால பாத்தா இவ்வளவு சின்னதா இரிக்காது, கண்ணை நிறைச்சுக்கிட்டு நிக்கும்."

அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அறுபது வருடத்துக்கு மேலாக அவர் வயலிலிருந்து அண்ணாந்து பார்த்த வெள்ளி அது. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"இத வேற யாருக்கும் சொல்லியிரிக்கிறீங்களா?"

கீழே பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பின்னேரம் மண்டபத்துல புள்ளயளுக்குச் சொன்னன்."

"புள்ளயளுக்குச் சொன்னீங்க" என்றார். ஜுப்பாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

பள்ளியில் சாட்சிக் கடதாசியைத் தன் கையாலேயே கிழித்தார். "மைக்கப் போடுங்க" என்றார். றஹீம் மாஸ்டர், "நான் அறிவிக்கிறன் போடியார், நீங்க இரிங்க" என்று மன்றாடினார். மாமா கேட்கவில்லை. அன்று ஊர் முழுக்கக் கேட்டது இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆதம்லெவ்வை கதைக்கிறன். பிறை கண்டதா நான் சொன்னது பிழை. நான் கண்டது வெள்ளி. என்ட அவசரத்தால ஊரைக் குழப்பிட்டன். அல்லாஹ்வுக்காக என்னை மன்னிச்சுக்கங்க. கொழும்புட முடிவு வரும் வரைக்கும் பொறுத்திரிங்க."

என் பெயர் அதில் இல்லை. நான் அவருக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். "பிழை என்னுடையது" என்று சொல்ல அந்த மைக்கில் இடமிருந்தது. என் கால் நகரவில்லை. அன்று பட்ட அதிர்ச்சிகளில் எனக்கு இன்றும் ஆறாதது இதுதான், என்னைப் பற்றி எனக்கே வந்த அதிர்ச்சி.

கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை.

7. கடைசியாக

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடியைப் போடுங்கள், பகலானாலும் மாலையானாலும். குழாய் எதைப் பார்க்கிறது என்று கண் வைக்க முன்னமே வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்பவர் உங்கள் மாமனாரானாலும். இன்றைக்கு எது தெரியாது என்பதுதான் பொதுநாளில் உங்கள் முதல் வசனமாக இருக்க வேண்டும். எனக்குப் பிறகு அந்த நிலையத்தில் அப்படித்தான் நடக்கிறது. பொதுநாளில் சுவர் அட்டவணையை இப்போது மைக்கில் வாசிக்கிறார்கள்.

மாமாவுக்கு மறுநாளே பட்டம் விழுந்துவிட்டது. "வெள்ளிப் போடியார்." எனக்கு விழவேண்டிய பட்டம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நான் எழும்பி நடந்ததைச் சொன்னேன், மூடி உட்பட. கேட்டார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். பட்டம் மாறவில்லை. பெருநாள் பிறைக்கு அவரை அழைக்க மோதின் வீட்டுக்கு வந்தார். "வேற யாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மாமா உள்ளே போய்விட்டார். இப்போதும் அப்படித்தான். மஃரிபுக்கு நேரமிருக்க வளவில் நின்று மேற்கே பார்ப்பார். கண்டாரா இல்லையா என்று யாரிடமும் சொல்வதில்லை.

ஆனால் எனக்குப் பாடம் நடந்தது மாடியிலுமல்ல, பள்ளியிலுமல்ல. அன்று இரவுத் தொழுகையான இஷா முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"மருமகன், இண்டைக்குப் பிறை தெரியா எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

மஃரிபுக்கு முன்னால் என்று சொல்லியிருக்கலாம். காலையில் என்று சொல்லியிருக்கலாம். அன்று எனக்குப் பொய்யில்லாத சொற்களே வெறுத்துப்போயிருந்தன.

"மூணு மாசமாத் தெரியும் மாமா."

அவர் கையைச் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே கழுவினார். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று திரும்பினார்.

"மூணு மாசமும் நாம ஒரே வீட்டுலதானே இரிந்தம்?" என்றார்.